புதிய டேபில் திறக்கும் லிங்க்குகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது

ஒரு லிங்க்கைச் சொடுக்கியதும் தளம் தானாகவே புதிய டேபைத் திறந்தால், முதலில் செயலிழப்பது பின்செல் பொத்தான். புதிய டேபுக்கு முன்வரலாறு கிடையாது என்பதால், கணினியின் பெரும்பாலான பிரவுசர்களில் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். பக்கத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கும் டேப் மாறியதே தெரியாமல் போகலாம். அவர்கள் பாதை தொலைந்து நிற்பார்கள்.

சாதாரண லிங்க்கைப் புதிய டேபில் திறப்பது எளிது: கன்ட்ரோல் விசையோடு சொடுக்கலாம் (மேக்கில் கமாண்ட்), மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்தலாம், போனில் விரலை அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் '_பிளாங்க்' (புதிய டேபில் திறக்கச் சொல்லி நிரலில் எழுதும் சொல்) போட்ட லிங்க்கை அதே டேபில் திறக்க நேரடி வழி இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் 'அபவுட்:கான்ஃபிக்' என்ற உள் அமைப்புகள் பக்கத்தில் 'பிரவுசர்.லிங்க்.ஓப்பன்_நியூவிண்டோ' மதிப்பை 3-இலிருந்து 1 ஆக்கினால் வேலை நடக்கும். அதைத் தேடிப் போய் மாற்றுபவர்கள் எத்தனை பேர்? ஆகவே முடிவை வாசகர் கையில் விடுவதே சரி. தளத்துக்குள்ளேயே செல்லும் லிங்க்குகளுக்கு இதில் விவாதமே தேவையில்லை.

விலக்கு உண்டு. பாதி நிரப்பிய படிவத்தின் நடுவே வரும் உதவிக்குறிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அல்லது காணொளி: இங்கெல்லாம் பக்கம் மாறினால் செய்த வேலை போய்விடும். அப்போது புதிய டேப் நியாயம்தான். லிங்க்கின் எழுத்திலேயே 'புதிய டேபில் திறக்கும்' என்று சேர்த்துவிட வேண்டும். வெறும் அம்புக்குறி எல்லோருக்கும் புரிவதில்லை.

நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி தவறுவது '_பிளாங்க்' என்பதற்குப் பதில் '_நியூ' என்று போடுவதில். அது சிறப்புச் சொல் அல்ல, ஒரு டேபின் பெயர் மட்டுமே. அடுத்த லிங்க்கும் அதே டேபில் போய், படித்துக்கொண்டிருந்த பக்கத்தை நீக்கிவிட்டு உட்காரும்.

இன்னொன்று பாதுகாப்பு. முன்பெல்லாம் '_பிளாங்க்' வழியே திறந்த பக்கம், தன்னைத் திறந்த பக்கத்தைச் சுட்டும் 'விண்டோ.ஓப்பனர்' மூலம் பழைய டேபைப் பிடித்து வேறு முகவரிக்குத் திருப்ப முடிந்தது. வாசகர் திரும்பி வந்தால் அங்கே போலி உள்நுழைவுப் பக்கம் காத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 79 (2020), குரோம் 88 (2021) முதல் இந்தத் தொடர்பைத் துண்டிக்கும் 'நோஓப்பனர்' தானாகவே பொருந்துகிறது. பழைய பிரவுசரில் வருபவர்களுக்காக அதை லிங்க்கின் நிரலில் 'ரெல்' என்ற பண்பில் இன்னும் எழுதி வைப்பது நல்லது.