வருமான வரி ரீஃபண்ட் பெயரில் வந்த மின்னஞ்சல்: ஓர் எச்சரிக்கை

வருமான வரித் துறை அனுப்பியதைப் போன்று தோன்றிய ஒரு மின்னஞ்சலை நம்பி என் பெரியப்பா 94,000 ரூபாயை இழந்தார். கூட்டுறவுத் துறையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவர், ரசீது இல்லாமல் யாருக்கும் பணம் கொடுத்தறியாதவர். அவரே ஏமாந்தார் என்பதால், விவரம் தெரியாதவர்கள்தான் இத்தகைய மோசடியில் சிக்குவார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்கு மேல் பறித்தார். 2019இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெரியப்பா ஜூலையில் ஆடிட்டர் மூலம் கணக்குத் தாக்கல் செய்திருந்தார். அவருக்கு ரீஃபண்ட் வர வேண்டியிருந்ததும் உண்மை. அந்த நேரம் பார்த்து, வங்கிக் கணக்கு விவரம் பொருந்தாததால் தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அந்த மின்னஞ்சல் வந்தது. அசோகச் சின்னம் இருந்தது, அவருடைய முழுப் பெயர் இருந்தது, பான் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகள்கூடச் சரியாக இருந்தன. போலி மின்னஞ்சலில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோமே, இதில் ஒரு பிழையும் இல்லை. இணைப்பை அழுத்தியதும் வங்கிகளின் பட்டியல் ஒன்று வந்தது; தன் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அதன் நெட்பேங்கிங் பக்கத்தைப் போன்ற பக்கம் திறந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்த பிறகு, சரிபார்ப்புக்கு என்று சொல்லி இரண்டு முறை ஓடிபி கேட்டார்கள். முதலாவது, பணம் பெறும் புதிய பயனாளியாக ஒரு கணக்கைச் சேர்ப்பதற்கு. இரண்டாவது அந்தக் கணக்குக்கு 49,000 ரூபாய் அனுப்புவதற்கு.

பணம் போன குறுஞ்செய்தியைப் பார்த்தவுடனேயே அவர் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். நெடுநேரக் காத்திருப்புக்குப் பின் பேசியவர், இதைத் தொலைபேசியில் பதிவு செய்ய முடியாது, திங்கட்கிழமை கிளைக்குச் சென்று எழுதிக் கொடுங்கள் என்று கூறி முடித்துக்கொண்டார். கணக்கை முடக்கவில்லை, இணையவழிப் பண மோசடியைப் புகார் செய்ய 1930 என்ற உதவி எண் இருப்பதையும் சொல்லவில்லை. அன்றிரவே மேலும் 45,000 ரூபாய் வெளியேறியது. இரண்டாவது முறை அவருக்கு எந்த ஓடிபியும் வரவில்லை. அது எப்படி அனுமதிக்கப்பட்டது என்பதற்கு வங்கி இதுவரை விளக்கம் தரவில்லை. திருடனைவிட அந்தத் தொலைபேசிப் பதில்தான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சில வாரங்களில் அதே வங்கியிடமிருந்து, கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய முகவரியில் வங்கியின் பெயரே இல்லை; இணைப்பு ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் தளத்துக்குப் போனது; குறிப்பிட்ட தேதிக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்ற மிரட்டல் வேறு. சூடுபட்ட பெரியப்பா அதைப் போலி என்று ஒதுக்கினார். அது உண்மையானது, அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. வாடிக்கையாளர் இணைப்பை அழுத்தக் கூடாது என்று ஒருபுறம் அறிவுறுத்திக்கொண்டே, மறுபுறம் மோசடிக்காரர்களின் பாணியிலேயே அவசரமும் இணைப்புமாக மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள், தங்கள் வாடிக்கையாளர்களை ஏமாறுவதற்குப் பழக்குகின்றன என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சின்னத்தை நகலெடுக்கலாம், பெயரும் பான் எண்ணும் எங்கிருந்தாவது கசிந்திருக்கலாம். பார்க்க வேண்டியது முகவரியை, அதுவும் அதன் வலது முனையை. கதவெண்ணில் தொடங்கி ஊர்ப் பெயரில் முடியும் அஞ்சல் முகவரியைப் போல, இணைய முகவரியிலும் முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியே அது யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கிறது. பெரியப்பாவுக்கு வந்த இணைப்பின் தொடக்கத்தில் துறையின் 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்ற முகவரி முழுமையாகவே இருந்தது. ஆனால் அதோடு முடியாமல் மேலும் ஒரு புள்ளி, வேறொரு பெயர், இறுதியில் 'டாட் காம்' என்று நீண்டது. கைப்பேசித் திரையில் அந்த நீளமான முகவரியின் முன்பகுதி மட்டுமே தெரிந்தது. பூட்டுச் சின்னம் இருந்ததே என்று அவர் கேட்டார். அந்தச் சின்னம், நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே காட்டும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது.

அனுப்புநர் முகவரியும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. பிற்காலத்தில் அதைச் சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சோதனைகள் சேர்க்கப்பட்டன. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூலச் செய்தியைக் காட்டும் தெரிவை அழுத்தினால் இம்மூன்றின் முடிவுகளையும் காணலாம். ஆனால் மோசடிக்காரர் தாமே பதிவு செய்த முகவரியிலிருந்து அனுப்பினால் மூன்றிலும் தேறிவிடுவார் என்பதால், தேறியது எந்த முகவரி என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆராய்ச்சிக்கு அவசியமில்லாத வழியும் உண்டு. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், துறையின் முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே சென்றால், உண்மையான செய்தி எதுவும் அங்கேயும் இருக்கும். ரீஃபண்ட், முன்னரே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்படுகிறது. வரவு வைப்பதில் தடங்கல் இருந்தால் நாம் உள்நுழைந்து மறு வழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ துறை மின்னஞ்சலில் கேட்பதில்லை. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் நோட்டீஸ், ஆணை, கடிதம் ஆகியவற்றுக்கு டிஐஎன் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அது மெய்யானதா என்று உள்நுழையாமலேயே அந்தத் தளத்தில் சரிபார்க்கலாம். வங்கிகளுக்கும் ஓர் அடையாளம் வந்திருக்கிறது: 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றுமாறு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியின் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் முகவரி அப்படி முடியவில்லை என்றால் அங்கே எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வங்கியை அழைப்பதோடு 1930க்கும் உடனே அழையுங்கள். பணம் கைமாறிச் செல்லும் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புள்ளது. வங்கியிடம் பேசும்போது புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. இந்த விதியைச் சுட்டித்தான் இரண்டாவது 45,000 ரூபாயைக் கேட்டு எழுதினோம். ஓடிபியைப் பகிர்ந்தது உங்கள் தவறு என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அழைப்பு நேரம் பதிவான கைப்பேசித் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்), குறுஞ்செய்திகளையும் இணைத்து ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ யாரும் அங்கே செல்லலாம், கட்டணம் இல்லை.

மோசடி மின்னஞ்சலை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். காவல் துறையினரும் கேட்பார்கள். அதைத் திருத்தாமல் இணைப்புக் கோப்பாக, வருமான வரித் துறையின் 'வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்ற மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள்.