பனியா, உப்பா? கேமராவோடு போகும் தை மாதத் தேனிலவு

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் நம்மூர்க் குளிர்காலக் கல்யாணம் பெரும்பாலும் தை பிறந்த பிறகுதான். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போது ஜனவரி கடைசியோ பிப்ரவரி முதல் வாரமோ ஆகிவிடும். கையில் மிஞ்சுவது ஆறேழு நாள் விடுப்பு. மாப்பிள்ளை, பெண் இருவருக்குமே கேமரா பைத்தியம் என்றால் அந்த ஆறேழு நாளை எங்கே செலவழிப்பது? டிராவல் ஏஜென்ட் நீட்டும் பட்டியலில் அழகான இடங்கள் எல்லாமே இருக்கும். அங்கே வெளிச்சம் எப்போது, எந்தப் பக்கமிருந்து விழும் என்பது மட்டும் இருக்காது.

இந்தப் பருவத்துக்கு நான் இரண்டு இடங்களைத்தான் நேருக்கு நேர் நிறுத்துவேன். காஷ்மீர், குஜராத்தின் கட்ச். ஒன்று பனி வெள்ளை, இன்னொன்று உப்பு வெள்ளை. பணமும் நாளும் குறைவாக இருப்பவர்களுக்கு மூன்றாவதாக மூணாறு பக்கத்துக் கொழுக்குமலை. ஜெய்சல்மேரை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அங்கே மணல்மேட்டில் ஒட்டகக் கூட்டமும் ஜீப் தடமும் விழாத ஓர் இடத்தைத் தேடுவதற்குள் மாலை போய்விடும். அந்தமான், கடலுக்கடியில் படமெடுக்கும் சாதனம் வைத்திருப்பவர்களுக்கான ஊர். சரி, இனி அந்த இரண்டும்.

வெளிச்சக் கணக்கு

ஜனவரி கடைசியில் ஸ்ரீநகரில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் ஏறாது. கட்ச்சில் 48 பாகை வரை வரும். மூணாறு பக்கம் 62. நம் ஊரில் பதினோரு மணிக்கே கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வருவதால் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுவோம். காஷ்மீரில் பகல் முழுக்கச் சாய்வான வெளிச்சம்தான். கட்ச்சில் நடுப்பகல் இரண்டு மூன்று மணி நேரத்தை விட்டுவிட்டால் போதும்.

இரண்டு ஊர்களிலும் சூரியன் எழுவது ஏழரை மணியை ஒட்டித்தான். நாட்டின் மேற்கு ஓரத்தில் இருந்துகொண்டு நம் கடிகாரத்தையே பார்ப்பதால் கட்ச்சுக்கு இந்தத் தாமதம்; காஷ்மீரில் குளிர்காலப் பகல் குறுகுவதும் சேர்ந்துகொள்கிறது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இது பெரிய சலுகை. விடியல் படத்துக்காக நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டியதில்லை. மாலையில்தான் வித்தியாசம். ஸ்ரீநகரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்கில் தென்மேற்கே அஃபர்வத் மலை உட்கார்ந்திருப்பதால் நிழல் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். கட்ச்சில் ஆறரை வரை வெளிச்சம் உண்டு, அடிவானத்தை மறைக்க மரமும் இல்லை, மலையும் இல்லை.

வெள்ளைத் தரை இரண்டு இடங்களிலும் ஒரே தொல்லையைத் தரும். எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே கேமராவின் மீட்டர் எண்ணிக்கொள்ளும். அதன் போக்கில் விட்டால் பனியும் உப்பும் அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தரையே ஒரு பெரிய ரிஃப்ளெக்டராக இருந்து கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்கு அனுப்பும். மாநிற முகங்களுக்கு இதைவிட இதமான வெளிச்சம் ஸ்டுடியோவில்கூட அமைவது கஷ்டம்.

காஷ்மீர்: தருவதும் பறிப்பதும் வானிலைதான்

காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்பார்கள். நம் தைக் கல்யாணத் தம்பதி போய் இறங்குவது அதன் வாலில், அல்லது அதை அடுத்து வரும் இருபது நாள் சில்லாய் குர்தில். பனிக்கு இதுவே சரியான சமயம், பொதுவாக.

அந்தப் 'பொதுவாக'வை நம்பித்தான் டிக்கெட் போட வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் வாரக்கணக்கில் பழுப்புப் புல்வெளியாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப் போயின. பனி அளவுக்கு மீறி விழுந்தாலும் சிக்கல்தான். ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலை மூடப்படும், குல்மார்க்கின் அடிவாரமான தங்மார்க்கிலிருந்து மேலே போகச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். கொங்டூரி வரை ஒரு கட்டம், அங்கிருந்து ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு கட்டம் என்று போகும் குல்மார்க்கின் கோண்டோலா கேபிள் காரில், காற்று பலமாக இருந்தால் முதலில் நிறுத்துவது மேல்கட்டத்தைத்தான். ஆறு நாள் பயணத்தில் ஒரு நாளை எதுவும் திட்டமிடாமல் சும்மா விட்டு வைக்க முடியாதவர்கள் காஷ்மீரை மறந்துவிடுவது நல்லது.

இத்தனை சொல்லியும் அந்த ஊரைத் தள்ளிவிட மனம் வராது. காரணம் குல்மார்க் இல்லை, ஸ்ரீநகர். எல்லோரும் ஸ்ரீநகரை ஒரு ராத்திரி தங்கும் இடமாக வைத்துக்கொண்டு குல்மார்க், பஹல்காம், சோனமார்க் என்று ஓடுகிறார்கள். குளிர்காலத்தில் படமெடுக்க இதைத் தலைகீழாக்க வேண்டும். தால் ஏரியில் விடிவதற்கு முன்பே மிதக்கும் காய்கறிச் சந்தை கூடுகிறது. பனிமூட்டம், படகு நிறையக் கீரையும் நூல்கோலும், ஃபெரன் என்ற தொளதொள அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டியை அணைத்துக்கொண்டு பேரம் பேசும் ஆட்கள். ஏரியின் ஓரங்கள் உறைந்திருந்தால் ஷிகாராக்காரர் துடுப்பால் பனியை உடைத்துக்கொண்டே போவார். பழைய நகரத்தில் குளிர்காலக் காலைகளில் மட்டும் கிடைக்கும் ஹரீஸா என்ற ஆட்டுக்கறிக் கூழைப் பெரிய மண்பானைகளில் விடிய விடியக் கிண்டியிருப்பார்கள். ஆவி, மஞ்சள் பல்பு, ஜன்னல் வழியே நீல வெளிச்சம் எல்லாம் ஒரே சட்டகத்தில் வரும். ஆட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். தங்மார்க் பக்கத்திலுள்ள திரங் அருவி உறைந்து தொங்குவதையும் பட்டியலில் சேருங்கள். நெருங்கிப் போக முடியும் என்பதால் டெலி லென்ஸ் இல்லாதவர்களுக்கும் படம் கிடைக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உதிரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெளியிலிருந்து புகாரி என்ற கணப்பு அடுப்பு எரியும் அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸுக்குள் ஈரம் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அறையில் ஒரு மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். மெமரி கார்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க மாட்டீர்கள். அப்புறம், நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமின் பைசரன் புல்வெளியில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பல சுற்றுலா இடங்களை மூடி, கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். எது திறந்திருக்கிறது என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தினமும் மூன்று தடவை கூப்பிட்டுக் கவலைப்படுவார்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள். தேனிலவின் பாதி மனநிலை அதில்தான் போகும்.

கட்ச்: ஒன்றுமே இல்லாத இடம்

கட்ச்சின் பெரிய ரண் என்ற உப்புச் சமவெளி மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் கிடக்கும். அது வற்ற வற்ற உப்பு பூத்து, டிசம்பர் வாக்கில் கெட்டித்தட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகிவிடும். பூஜிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே உள்ள தோர்டோ கிராமம்தான் வாசல். ரண் உத்சவம் என்ற குளிர்காலத் திருவிழாவின் கூடார நகரமும் அங்கேதான். எல்லைப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனிலும் வாங்கலாம்.

முதல் தடவை போகிறவர்கள் கண்காணிப்புக் கோபுரத்தடியில் நின்று கூட்டத்தைப் பார்த்து நொந்துபோவார்கள். பாதையின் முடிவில் இடது பக்கமோ வலது பக்கமோ இருபது நிமிடம் நடந்து பாருங்கள். மனித வாடையே இருக்காது. அங்கேதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. சட்டகத்துக்குள் வைக்க எதுவுமே இருக்காது. கீழே பாதி வெள்ளை, மேலே பாதி நீலம். இப்படிப்பட்ட படம் நிற்க வேண்டுமென்றால் ஓர் ஆள் வேண்டும். இந்த இடத்தைத் தனி ஆளாகப் போகிறவர்களுக்கு நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். தம்பதிக்குப் பரிந்துரைப்பேன். காஷ்மீரில் இருவரும் தோளோடு தோள் நின்று ஒரே மலையைத்தான் எடுப்பீர்கள். ரணில் ஒருவர் எடுக்க, மற்றவர் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், துப்பட்டாவைக் காற்றில் விட வேண்டும். பத்து நிமிடம் கழித்து கேமரா கை மாறும். ஊர் திரும்பும்போது இருவரிடமும் மற்றவருடைய படங்கள் நிறைய இருக்கும். புகைப்படக்காரத் தம்பதிகள் வீட்டில் பொதுவாகப் பற்றாக்குறை அதற்குத்தான்.

உடை நிறத்தை யோசித்து எடுத்துப் போங்கள். அரக்கு, மயில்நீலம், கடுகு மஞ்சள் எல்லாம் அங்கே பேசும். கூறைப்புடவையைக் கொண்டுபோகும் ஆசை வந்தால் வேண்டாம். மேல்தட்டு உடைந்தால் அடியில் உப்புச் சேறு, பட்டில் பட்டால் கறை போகாது. தோல் செருப்பும் வேண்டாம். ட்ரைபாட் கால்களை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

நிலவொளியில் ரணைப் பார்க்கத் தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமிக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள், விலையும் ஏறும். படமெடுக்க அதற்கு முந்தைய மாலைதான் மேல். அன்று சூரியன் மறையும் முன்பே கிழக்கில் நிலா ஏறியிருக்கும். உப்பின் மேல் கடைசிச் செவ்வெளிச்சம், பின்னால் நிலா, இரண்டும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். பௌர்ணமியன்று நிலா எழும்போதே தரை இருட்டத் தொடங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் பதிவாகும். நட்சத்திரம் வேண்டுமென்றால் தை அமாவாசைப் பக்கம் போங்கள். ஆனால் பால்வீதியின் நடுப்பகுதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்த மாதங்களில் அது விடிவதற்குச் சற்று முன்புதான் தென்கிழக்கில் தாழ்வாக எழும். மாலையில் கிடைப்பது ஓரியன் விண்மீன் கூட்டம். அது போதும் என்பவர்களுக்குப் பிரமாதமான வானம். இரவில் எதுவரை உள்ளே விடுவார்கள் என்று சோதனைச் சாவடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரணுக்கு இரண்டு மாலை போதும். மீதி நாட்களுக்குக் கட்ச்சில் பஞ்சமே இல்லை என்பதுதான் அதன் பலம். 462 மீட்டர் காலோ டுங்கர் மேலிருந்து வெள்ளைப் பரப்பு முழுக்கத் தெரியும். கவ்டாவிலிருந்து தோலாவீரா போகும் சாலை இரண்டு பக்கமும் உப்புக்கு நடுவே ஓடுகிறது, முடிவில் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹரப்பா நகரம். மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்றும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களுக்கு நடுவே வைட் ஆங்கிள் லென்ஸோடு நுழைந்தால் அரை நாள் போவது தெரியாது. நிரோணாவில் ரோகன் ஓவியம், அஜ்ரக்பூரில் அச்சுத் துணி, சாரி தாண்ட் சதுப்பு நிலத்தில் நாரைகளும் கொக்குகளும். 2001 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற, 'புங்கா' எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகளில் தங்கலாம். ஹோட்காவில் கிராமத்தாரே நடத்தும் விடுதி இருக்கிறது, என் ஓட்டு கூடார நகரத்துக்கு இல்லை, இதற்குத்தான். ஹோட்காவைச் சுற்றியுள்ள பன்னி புல்வெளிப் பகுதிப் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. தூரங்கள் அதிகம், கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாப்பாடு பெரும்பாலும் சைவம், மதுவிலக்கு வேறு. பகலில் வெயில், ராத்திரி குளிர். குளிர்காலத் தேனிலவு என்றால் போர்வைக்குள் முடங்குவது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

கொழுக்குமலை

தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஆனால் போவதற்கு வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து, எலும்பை எண்ணும் ஜீப்பில். விடியலில் காலுக்குக் கீழே மேகக் கடல். ஜனவரியில் மூணாறு எஸ்டேட்டுகளில் உறைபனி விழும் காலைகளும் உண்டு. சிக்கல் என்னவென்றால் இங்கே படம் ஒன்றுதான், எல்லோரும் எடுப்பதும் அதைத்தான். எட்டு மணிக்கு மேல் வெளிச்சம் வேகமாகக் கடுமையாகிவிடும். இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். மூன்று நாள் விடுப்பு என்றால் இதுவே போதும்.

என் தீர்ப்பு

இருவருமே படமெடுப்பவர்கள் என்றால் கட்ச். வானிலை காலைவாராது, நாளொன்றுக்கு ஒரு புதுப் பொருள் கிடைக்கும், ஒருவரை ஒருவர் எடுக்காமல் தப்ப முடியாது. இருவரில் ஒருவர் பனியையே பார்த்ததில்லை, அதுவே பல வருட ஆசை என்றால் இந்த வாதம் எதுவும் எடுபடாது, காஷ்மீருக்கே போங்கள். அப்படிப் போனால் ஸ்ரீநகருக்கு மூன்று இரவு, குல்மார்க்குக்கு இரண்டு, கடைசியில் ஒன்று கையிருப்பு. 2025 ஜூனில் தொடங்கிய கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலை ஒரு வழிக்காவது வைத்துக்கொண்டால் செனாப் பாலத்தைக் கடக்கும் அனுபவமும் சேரும்.

எங்கே போனாலும் ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். ஒன்று பாதுகாப்புக் கெடுபிடி உள்ள ஊர், இன்னொன்று எல்லை. ஸ்ரீநகர், பூஜ் இரண்டு விமான நிலையங்களும் விமானப்படைத் தளங்கள் என்பதால் இறங்கும்போது ஜன்னல் வழியே படமெடுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பூஜுக்கு மும்பை வழியாகவோ, அகமதாபாத்தில் இறங்கி இரவு ரயிலிலோ போகலாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்கு அறை கிடைப்பது கஷ்டம், எனவே முகூர்த்தத் தேதி முடிவான அன்றே பஞ்சாங்கத்தில் அந்தப் பௌர்ணமி எப்போது என்றும் பார்த்து அறையைப் போட்டுவிடுங்கள்.