பிளாஷ் தங்கம், பிராக்கெட் தகரம்

"இந்த பிளாஷ் செட் விலை இறங்கியிருக்கே, வாங்கிடலாமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிளாஷை ஸ்டாண்டில் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டின் லீவரை (சாய்வை இறுக்கும் கைப்பிடி) மூன்றாம் முறையாக மாற்றிய கையோடு எழுதுகிறேன், அந்தச் சூட்டையும் கணக்கில் வைத்துப் படியுங்கள். 200 வாட்-செகண்ட் சக்தியுள்ள பாக்கெட் பிளாஷ், பேர்-பல்ப் தலை (மூடாத வெறும் பல்ப்), 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிக்கூடு), எஸ் வகை பிராக்கெட் எல்லாம் சேர்த்து விற்கும் செட் இது. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.

புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலைப் பக்கம் கடலைப் பின்னணியாக வைத்தால் கேமரா கிழக்கே பார்க்கும், மாடலின் முகத்துக்கான சாஃப்ட்பாக்ஸும் கிழக்கே பார்க்கும். கடற்காற்று நேராக அதன் முகத்தில் அறையும். சாஃப்ட்பாக்ஸின் எடை பிராக்கெட்டின் கழுத்தை முன்னால் இழுக்க, காற்று பின்னால் தள்ள, ஆடியாடி லீவரின் பிடி தளரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாஃப்ட்பாக்ஸ் மெல்லத் தலைகுனிந்து, முகத்தை விட்டுவிட்டுப் புடவைக் கரைக்கு வெளிச்சம் போடும். கேமரா திரையில் அது உடனே தெரியாது. வீட்டில் பெரிய திரையில் பார்க்கும்போதுதான் நெற்றி இருண்டது தெரியும்.

பலம் கொடுத்து இறுக்கினால் லீவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல் மழுங்கிவிடும், அப்புறம் அது சும்மா சுற்றும். கழுத்து மூட்டின் இரண்டு தட்டுகளும் வழவழப்பானவை. அதில் உப்புப் பிசுக்கும் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

வைத்தியம் இதுதான். லீவரைக் கழற்றி, தட்டுகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பழைய சைக்கிள் டியூபைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, வாஷராக இடையில் வையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. உராய்வுதான் அங்கே பிடி. இவ்வளவு ரூபாய் வாங்குகிறவர்கள் இந்த ரப்பர் துண்டை வைத்துக் கொடுக்கக் கூடாதா?

ஸ்டாண்டின் ஒரு கால் காற்று தள்ளும் திசையில், அதாவது மேற்கே நீளட்டும். நடுத்தண்டில் 5 லிட்டர் தண்ணீர் கேனை அடிப்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டால் ஊசலாடாது. காற்று பிய்த்தெடுத்தால் ஸ்டாண்டை மறந்து, மோனோபாடில் (ஒற்றைக் கால் தடி) மாட்டி உதவியாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். ஒளி அருமை. பேர்-பல்ப் எல்லாப் பக்கமும் ஒளியை வீசுவதால் சாஃப்ட்பாக்ஸின் மூலைவரை சமமாக நிரம்புகிறது; கேமரா மேல் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட் போல நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் விழுவதில்லை. இந்தக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால், காலையில் மாடலின் முகம் நிழலில்தான் இருக்கும். முதலில் வானத்தை மட்டும் அளந்து ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அபர்ச்சர் எஃப் 8 என்று வந்தால், விளக்கை மாடலிலிருந்து ஒன்றரை மீட்டரில் வைத்துப் பாதிச் சக்தியில் தொடங்கலாம். பின்னணி மங்கலாக எஃப் 2.8 வேண்டுமென்றால் உடனே ஷட்டரை வேகமாக்கி ஹை ஸ்பீடு சிங்குக்கு (அந்த வேகத்திலும் பிளாஷ் அடிக்கும் முறை) ஓடாதீர்கள். அங்கே சுமார் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகும்) போய்விடும், பிளாஷும் சூடேறித் திணறும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) போட்டு எஃப் 2.8க்குத் திறந்தால் ஷட்டரும் மாறாது, பிளாஷ் சக்தியும் மாறாது. விளக்குக்கும் மாடலுக்கும் இடையிலான ஒன்றரை மீட்டரை மூன்றாக்கினால் மட்டும் நாலில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும்.

காஞ்சிப் பட்டு என்றால் ஜரிகை கண்ணாடி மாதிரி. விளக்கு கேமராவை ஒட்டி இருந்தால் முந்தானை வெள்ளையாக வெந்துபோகும். பக்கவாட்டில் நகர்த்தி, சாஃப்ட்பாக்ஸின் ஓரம் மட்டும் மாடலைத் தொடும்படி திருப்பினால் ஜரிகை ஜரிகையாகத் தெரியும். பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவரை ஒட்டி நிறுத்தினால் சுவரின் மஞ்சள் கன்னத்தில் ஏறும். ஒரு மீட்டராவது முன்னால் கொண்டுவாருங்கள். ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் சுவரருகே இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரி பற்றிக் குறையே இல்லை. டிரிக்கரின் (கேமராவில் மாட்டி பிளாஷை அடிக்கவைக்கும் கருவி) காலில் உள்ள பின்களை மட்டும் ஒவ்வொரு கடற்கரை ஷூட்டுக்குப் பிறகும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள், இல்லையேல் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் பதில்: வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். பிளாஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால்? இன்றைக்கு அதற்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் சில்வர் பீச்சில் வேலை இருக்கிறது. டியூப் வாஷர் தாங்கினால் திங்கள்கிழமை கேளுங்கள்.