யீஷூன் புளோக் கிளினிக்ல ஹெல்த் செக்கப்: டாக்டருக்கு 5, மத்ததுக்கு 2

சிங்கப்பூர் அரசாங்கத்தோட நோய்த்தடுப்புத் திட்டம் ஹெல்த்தியர் எஸ்ஜி-ல பேர் குடுத்து ரொம்ப நாளாச்சு, வீட்டுக்காரம்மா விரட்டுனதால போன மாசம்தான் போனேன். கிளினிக் பேர் போடல, எங்க புளோக்குக்கு பக்கத்துல இருக்கறவங்களுக்கு புரியும். ஸ்கிரீனிங்குக்கு ஒரு வெள்ளி கூட வாங்கல, அது நிஜம்.

ஆனா சனிக்கெழம காலைல ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன், ராத்திரியிலேர்ந்து வெறும் தண்ணி, எதிர்ல கோப்பிக்கடை வாசம் வேற. கூப்ட்டதும் ஓடிப்போய் உக்காந்தேன், நர்ஸ் முழுக்கை சட்டை மேலயே பட்டையைச் சுத்தி பேசிக்கிட்டே பிரஷர் அளந்தாங்க, 152/94. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

டாக்டர் தமிழ்க்காரர், பெரியவர். "சட்டைக்கு மேலயா அளந்தாங்க?"ன்னு தலைல அடிச்சிக்கிட்டு, அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வச்சு, கால் மேல கால் போடாதீங்கன்னு சொல்லி அவரே எடுத்தாரு, 138/86. இதுக்காகவே 5 மார்க்.

ரிப்போர்ட் வாங்க அடுத்த வாரம் மறுபடி போனேன். எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு 4.0, ட்ரைகிளிசரைட்ங்கற இன்னொரு ரத்தக் கொழுப்பு 2.4. ஊர்ல அண்ணன்கிட்ட சொன்னா "நாலுதானா, எனக்கு நூத்தி அறுபதுடா"ங்கறாரு, அவருக்கு அங்க வேற யூனிட்ல வரும், என் நாலும் அந்தக் கணக்குல சுமார் 155 தான்!

கொழுப்புனாலதான் பிரஷரா டாக்டர்னு கேட்டேன். "அப்படி நேரா சொல்ல முடியாது தம்பி. குழாய்ல அழுக்கு அடைக்கிற மாதிரி நெனைக்காதீங்க, எல்டிஎல் ரத்தக் குழாயோட சுவத்துக்குள்ளயே போய் உக்காரும், சுவர் வெறைச்சுப் போனா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறுனா சுவத்தோட உள்பக்கம் கெட்டு இன்னும் கொழுப்பு உள்ள போகும். வயித்துச் சதைதான் ரெண்டுக்கும் பொதுவான காரணம்"னாரு. என் வயித்தப் பாத்துக்கிட்டேதான் சொன்னாரு, வேற யார் வயித்தப் பாப்பாரு.

பராட்டால இருக்கற நெய் எல்டிஎல்லுக்கு, கொழம்புல இருக்கற உப்பு பிரஷருக்கு, பீர் ட்ரைகிளிசரைடுக்குன்னு என் ஞாயித்துக்கெழமய அப்படியே பிரிச்சு வச்சாரு. மாத்திரை உடனே எழுதல. ஒரு வாரம் காலைலயும் சாயங்காலமும் ரெண்டு ரெண்டு தடவ வீட்ல அளந்து எழுதிட்டு வாங்க, சராசரி 135/85-க்கு மேல இருந்தா பேசுவோம், கொழுப்ப மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாப்போம்னு சொல்லிட்டாரு.

கவுண்டர்ல இருக்கற பொண்ணு மூஞ்ச தூக்கி வச்சிருக்கும், கண்டுக்காதீங்க. சனிக்கெழம வேணாம், வாரநாள்ல போங்க, அரைக்கை சட்டை போட்டுட்டு.