பெட்ரிகாரா, சித்துரிசமா?

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்தே வரும். மழையின் மணத்துக்கு ஒன்று, காற்றின் ஓசைக்கு ஒன்று என ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றைத்தான் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், எதை எடுப்பது?

காய்ந்த நிலத்தில் மழை விழுந்ததும் எழும் மணம் பெட்ரிகார். 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் சூட்டிய பெயர். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. இகோர் என்றால் தேவர்களின் நாளங்களில் ஓடும் திரவம். வறட்சியில் செடிகள் விடும் எண்ணெயை மண்ணும் பாறையும் உறிஞ்சிவைத்து, ஈரம் பட்டதும் வெளிவிடுகின்றன. அந்தப் பெயர் பிறக்கும் முன்பே உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் இந்த மணத்தை அத்தராக வடித்துவிட்டார்கள்!

சித்துரிசம், மரங்களிடையே காற்று எழுப்பும் ஒலி. கிசுகிசுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

என் ஓட்டு சித்துரிசத்துக்கே. மணத்துக்கு நம்மிடம் 'மண்வாசனை' இருக்கிறது. அதுவும் முதல் மழையோடு தீர்ந்துவிடும். நாள்தோறும் நனையும் நிலத்தில் எங்கே மணப்பது? 'சலசலப்பு' என்றாலோ இலைக்கும் ஓடைக்கும் ஊர்வம்புக்கும் பொது. என்ன, எங்கள் தென்னைகள் கிசுகிசுப்பதில்லை. இரவெல்லாம் சண்டை பிடிக்கின்றன.