ஹீரோஸ் 4: ஹீரோவ சண்டைக்குள்ள எறக்குனாங்க, படை வேலையத்துப் போச்சு

கோட்டை கட்டி, படை சேத்து, மொற வச்சு ஆடுற ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் கம்ப்யூட்டர் கேம் வரிசையில 3ம் பாகத்தையும் 4ம் பாகத்தையும் காலேஜ் காலத்துல இருந்து மாத்தி மாத்தி வெளையாடிட்டு வாரேன், இப்பவும் லேப்டாப்ல ரெண்டும் கெடக்கு. புதுசா வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுதேன். ஒரு தடவ முடிச்சுட்டு எழுதுறது வேற, வருஷக்கணக்கா ஆடிட்டு எழுதுறது வேற.

3ம் பாகம் 1999ல வந்துது. பாளையங்கோட்டையில பெரியப்பா வீட்டுல ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான், லீவு விட்டா அண்ணன் தம்பிங்க எல்லாரும் அங்கதான் கெடப்போம், ஹாட்சீட் ஆட்டம், ஒருத்தன் டர்ன் முடிச்சு எந்திரிச்சா அடுத்தவன் உக்காருவான், மத்தவங்க ஸ்கிரீன பாக்கக் கூடாதுன்னு வெளிய திண்ணைக்கு போயிரணும். வாரம் பொறந்தா கோட்டையில புதுப் படை வந்து நிக்கும், அதுக்காகத்தான் மத்த நாளெல்லாம் தங்கம் சேக்குறது, மரம் கல்லு கந்தகம்னு தேடி அலையுறது, ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்னு பாத்துப் பாத்து கட்டுறது. கேப்பிட்டல் கட்டிட்டா தெனம் 4000 தங்கம் வரும், அத யாரு மொதல்ல கட்டுறாங்கிறதுக்கே சண்ட நடக்கும். படைக்கு தலைவனா இருக்குற ஹீரோ சண்டையில ஓரமா நிப்பான், ரவுண்டுக்கு ஒரு மந்திரம் போடுவான், அவ்வளவுதான், அடிக்கிறதும் சாவுறதும் படைதான். ஏழு லெவல் படை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அப்கிரேடு. ஏஞ்சல ஆர்க்ஏஞ்சலா மாத்துன அன்னைக்கு வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு காட்டுவோம்.

2002ல 4 வந்துது. ஹீரோவே சண்டைக்குள்ள எறங்கி வாள் வீசுவான்னு கேட்டதும் எங்க எல்லாருக்கும் ஒரே சந்தோசம், ஹீரோஸ்னு பேரு வச்ச கேம்ல ஹீரோ சும்மா நிக்கான்னா எப்டின்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா கொஞ்ச நாள் ஆடுனதும் வெளங்கிட்டு, அந்த ஒரு மாத்தம்தான் மொத்த ஆட்டத்தையும் சாய்ச்சிருக்கு.

எப்டின்னு சொல்லுதேன். ஆரம்பத்துல ஹீரோ ரொம்ப சோப்ளாங்கி, நாலு அம்பு பட்டா செத்துருவான், அப்ப படையோட சேத்து அவனயும் பொத்திப் பொத்தி பாத்துக்கணும், இது நல்லாத்தான் இருக்கு. ஆனா காம்பாட்ங்கிற சண்டைத் தெறமைய கிராண்ட்மாஸ்டர்ங்கிற கடைசிப் படி வரைக்கும் ஏத்திட்டா அவன எதுவும் அசைக்காது, கையில சாவாமருந்து பாட்டில் ரெண்டு மூணு இருந்தா செத்தாலும் சண்ட நடுவுலயே எந்திரிச்சுருவான். கருப்பு டிராகன் கூட்டத்துக்குள்ள ஒத்த ஆளா போயி ஜெயிச்சுட்டு வாரான். அப்புறம் எதுக்கு கோட்டை, எதுக்கு சுரங்கம், எதுக்கு தங்கம்? அண்ணன் ஒரு நாள் பின்னால நின்னு பாத்துட்டு, "ஏலே, ஒன் படைய எங்கலே? ஒத்தையில அனுப்பியிருக்க?"ன்னு கேட்டான். "படை எதுக்குண்ணே, அவன் ஒருத்தனே போதும்"னேன். "அப்போ என்னத்தலே ஆடுத?"ன்னுட்டு போயிட்டான். அவன் கேட்டது சரியான கேள்வி.

படையிலயும் கை வச்சுட்டாங்க. அப்கிரேடே கெடையாது. லெவல் நாலுதான், அதுலயும் ரெண்டாவதுல இருந்து ரெண்டுல ஒண்ணத்தான் எடுக்கணும், ஏஞ்சல் வேணும்னா சாம்பியன விட்டுரணும், டைட்டன் வேணும்னா டிராகன் கோலெம் கெடையாது. யோசிச்சு முடிவெடுக்க வைக்கிற விஷயம்னு ஒத்துக்கிடுதேன், ஆனா டெத்ங்கிற கோட்டை வகையில வாம்பயர எடுக்காம விட்டவன நான் பாத்ததே இல்ல, ரத்தத்த குடிச்சுக் குடிச்சு செத்த கூட்டத்த திரும்ப எழுப்பிக்கிடும். இதுல 3ம் பாகத்துல தனித்தனியா இருந்த பிசாசுங்களோட இன்ஃபெர்னோ கோட்டையையும் செத்தவங்களோட நெக்ரோபோலிஸ் கோட்டையையும் ஒரே கோட்டைக்குள்ள திணிச்சுருக்காங்க, பிசாசும் எலும்புக்கூடும் ஒண்ணா நிக்கிறத பாக்க எனக்கு இப்பவும் மனசு ஒப்பல. படை இப்ப தெனமும் கொஞ்சங்கொஞ்சமா வளருது, அதனால வாரம் பொறக்குற அந்த பரபரப்பும் போச்சு.

கம்ப்யூட்டர் எதிரிக்கு இந்தப் புது விதிய வச்சு ஆடவே தெரியல, பெரிய மேப்புல மாசக்கணக்கா உருப்படியா ஒரு படைய கொண்டு வரமாட்டான். சரி மனுசங்களோட ஆடுவோம்னா கேம் வந்தப்போ மல்டிபிளேயரே கெடையாது, பின்னாடிதான் பேட்ச்ல, அதாவது கேம சரி பண்ண விடுற அப்டேட்ல குடுத்தாங்க. எங்க வீட்டுல இந்த வரிசையோட உசுரே எல்லாரும் சேந்து ஆடுறதுதான்.

அவசரத்துல வெளிய விட்டுட்டாங்கன்னுதான் எனக்கு தோணுது, வெளியிட்ட 3டிஓ கம்பெனிக்கு அப்பவே பண நெருக்கடி, 2003ல திவாலாயிட்டு, மைட் அண்ட் மேஜிக் உரிமைய யூபிசாஃப்ட்ங்கிற இன்னொரு கேம் கம்பெனி வாங்குனாங்க. இன்னும் ஒரு வருசம் கெடச்சிருந்தா இந்த ஹீரோ விஷயத்த சரி பண்ணியிருப்பாங்கன்னு நான் நம்புதேன், ஏன்னா உள்ள நல்ல யோசனை நெறய கெடக்கு. கேரவன் வச்சு ஒரு கோட்டையில இருந்து இன்னொண்ணுக்கு படைய தானா அனுப்பலாம், 3ல இதுக்காக சின்ன சின்ன ஹீரோவ வச்சு சங்கிலி போட்டு கடத்துவோம். ஹீரோ இல்லாமலே படை மேப்புல நடக்கும், சுரங்கத்த புடிக்கும். தோத்த ஹீரோ எதிரி கோட்டையில கைதியா கெடப்பான், அந்தக் கோட்டைய புடிச்சா ஆளு திரும்ப கெடைப்பான்.

அப்புறம் பால் ரொமேரோவோட மியூசிக். பாட்டுக்குரலோட வார அந்த மேப் இசைய கேம் ஆடாத நாள்லயும் போட்டுக் கேக்குதேன், நைட்டு தாமிரபரணி பாலத்த தாண்டி வீட்டுக்கு போறப்போ ஹெட்போன்ல பெரும்பாலும் அதுதான் ஓடும். கதையும் இந்த வரிசையிலயே இதுதான் ஒசத்தின்னு சொல்லுவேன். ரெண்டு மந்திர வாள் மோதி பழைய உலகமே ஒடஞ்சுருது, தப்பிச்சவங்க வாசல் வழியா ஆக்ஸியோத்ங்கிற புது உலகத்துக்கு வந்துருதாங்க. அதுல பாதி உசுரும் பாதி பொணமுமா இருக்குற கால்டோத்தோட கேம்பெய்ன், அதாவது அவன் கதைய மேப் மேப்பா ஆடிட்டுப் போறது இருக்கு பாத்தியளா, அத நான் எத்தன தடவ ஆடுனாலும் சலிக்கல.

ஆகவே 4ம் பாகத்த ஆஃபர்ல கெடச்சா கேம்பெய்னுக்காகவும் மியூசிக்குக்காகவும் வாங்குங்க, வீட்டுல நாலு பேரு சேந்து ஆடணும்னா 3ம் பாகம்தான். அதுலயும் 2015ல வந்த ஹெச்டி பதிப்புல 3க்கு பின்னாடி வந்த கூடுதல் பாகங்களான எக்ஸ்பான்ஷன் ரெண்டும் கெடையாது, பழைய கம்ப்ளீட் பதிப்ப வாங்குங்க.