ஸ்மாவா, மே-யா? பஷ்தோவில் ‘என்’ சொல்ல இரண்டு வழி

‘என் புத்தகம்’ என்பதை, ஆப்கானிஸ்தானின் ஆட்சிமொழிகளில் ஒன்றான பஷ்தோவில் ‘ஸ்மா கிதாப்’ என்றும் சொல்லலாம், ‘கிதாப் மே’ என்றும் சொல்லலாம். முதலாவது நம் சொல்வரிசையேதான், உடனே பிடிபடும். தலைவலி இரண்டாவதில்.

மே (என்), தே (உன்), யே (அவன், அவள், அவர்கள்), மோ (எங்கள், உங்கள்). இந்தக் குட்டிச் சொற்களுக்கு அழுத்தம் கிடையாது. வாக்கியத்தைத் தொடங்கவும் முடியாது. முதலில் வரும் அழுத்தமான துண்டின் வாலைப் பிடித்துக்கொள்ளும். ‘இன்று என் நண்பன் வந்தான்’ என்பது ‘நன் மே மல்கரை ராகய்’. ‘நன்’ என்றால் இன்று, ‘மல்கரை’ என்றால் நண்பன். ஆக ‘என்’ தொங்குவது நண்பனில் அல்ல, ‘இன்று’ என்பதில்! ஆப்கானிஸ்தானின் இன்னொரு ஆட்சிமொழியான தாரியில் இந்தக் கூத்து இல்லை: ‘இம்ரோஸ் ரஃபீக்கம் ஆமத்’; ‘என்’ என்ற ‘அம்’ நண்பனோடேயே ஒட்டியிருக்கிறது. நம் ‘ஆ’வும் கேட்கிற சொல்லில்தான் ஒட்டும்: இன்றா வந்தான், நண்பனா வந்தான். பஷ்தோ ‘மே’ பொருளைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது.

‘பார்த்தேன்’ போலச் செயப்படுபொருள் ஏற்கும் வினைகளின் இறந்தகாலத்தில் அதே ‘மே’ ‘நான்’ ஆகவும் கூடும். ‘ஆளைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘மா ஸரை வலித்’ என்றோ ‘ஸரை மே வலித்’ என்றோ சொல்லலாம் (‘மா’ என்றால் நான், ‘ஸரை’ என்றால் ஆள்). அங்கே வினை, பார்க்கப்பட்ட ஆளோடு ஒத்துப்போகிறது. நம் ‘பார்த்தேன்’ என்பதில் ‘நான்’ என்று காட்டும் ‘ஏன்’ விகுதி போல எதுவும் அதில் இல்லை. எனவே ‘மா’வை விட்டால் ‘மே’ வந்தாக வேண்டும். சரி, ‘ஸரை’யையும் விட்டுவிட்டால்? ‘வ மே லித்’. வினையையே பிளந்துகொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டது!

‘வ’ ஒரு முன்னொட்டு, போகட்டும் என்று விடலாம். ஆனால் வாங்குதல் என்ற ‘அகிஸ்தல்’? அழுத்தம் பின்னால் விழுந்தால் ‘மே’ சொல்லுக்குப் பின்னால் வரும். முதல் ‘அ’வில் விழுந்தால் ‘அ மே கிஸ்தல்’. தனியாக எடுத்தால் அந்த ‘அ’வுக்கு ஒரு பொருளும் இல்லை. ஹபீபுல்லா தேகே 1977இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இவற்றை அலசிய பிறகு, மொழியியலாளர்கள் இன்றும் இதை விட்டபாடில்லை.

என் கணக்கில் அன்றாடப் பேச்சுக்கு ‘மே’யே போதும். ‘என்னுடையது, உன்னுடையதல்ல’ என்று அழுத்திச் சொல்ல ‘ஸ்மா’ வேண்டும். ‘இது என்னுடையது’ என்பதற்கும் ‘தா ஸ்மா தை’தான். அப்புறம் ‘மோ’வில் கவனம்: ‘கிதாப் மோ’ எங்கள் புத்தகமாகவும் இருக்கலாம், உங்கள் புத்தகமாகவும் இருக்கலாம். குழப்பம் வந்தால் ‘ஸ்முங்’ (எங்கள்), ‘ஸ்தாஸோ’ (உங்கள்) என்று நீட்டியே சொல்லிவிடுங்கள்.